அப்பாவின் படம்: பினாங்கு கடைத்தெருவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரும் சேவை எப்படி?

பினாங்கில் ஒரு வீட்டில் அப்பா தவறிவிட்டால், பெட்டி வந்து சேர்வதற்குள் வீட்டு மருமகனோ அண்ணன் மகனோ ஒரு சின்னப் படத்தோடு கடைத்தெருவுக்கு ஓடுவார். லெபோ பாசார் தெருவிலும் அதன் குறுக்கே போகும் லெபோ குயின், லெபோ பினாங் பக்கமும் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறவர்களே இந்த வேலையையும் எடுத்துக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும் இதே வழக்கம்தான். கடைக்காரர் ஒரே விலையாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவை நான்கு தனித்தனி வேலைகள்: ஸ்கேன், முகத்தைச் சரிசெய்வது, அச்சு, சட்டம். சட்டம் போடுவதில் இவர்கள் கை தேர்ந்தவர்கள். அச்சு பரவாயில்லை. ஸ்கேனை அவசரமாக முடிக்கிறார்கள். முகத்தைச் சரிசெய்யும் இடத்தில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. வீட்டார் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதே கடையில் நல்ல வேலை வாங்கலாம். சொல்லாமல் விட்டால், இருபது வருஷம் சுவரில் தொங்கப்போவது வேறு யாரோ ஒருவரின் முகமாக இருக்கும்.

முதலில் அவசரத்தையும் நிலையானதையும் பிரித்துவிடுங்கள். துக்க வீட்டில் வைக்க அன்றைக்கே ஒரு படம் வேண்டும். அதற்குக் கைப்பேசியில் இருக்கும் தெளிவான படம் ஒன்றை 8க்கு 12 அங்குலத்தில், அதாவது எஸ்8ஆர் அளவில், அச்சிட்டு ஆயத்தச் சட்டத்தில் போட்டால் போதும். பழைய படத்தை எடுத்து நுணுக்கமாகச் செய்யும் வேலையைப் பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குள் முடிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். முதலாண்டுத் திதிக்குள் முடிந்தால் போதும் என்று சொல்லுங்கள். அவகாசம் கிடைத்தால் கடைக்காரர் மாதிரி அச்சு காட்டுவார், வீட்டுப் பெரியவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்ல முடியும். அவசர வேலையில் மாதிரி காட்டுவதே இல்லை.

எந்தப் படத்தைக் கொடுப்பது? பெரும்பாலான வீடுகளில் அப்பா தனியாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம் இருக்காது. ஐசி படம், பாஸ்போர்ட் படம், யாருடைய கல்யாண மேடையிலோ ஓரமாக நிற்கும் படம், கோயில் குழுவோடு எடுத்தது, இவைதான் இருக்கும். மரணத்தைப் பதியும்போது இறந்தவரின் மைகார்ட் அடையாள அட்டையைப் பதிவு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதனால் அதற்கு முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். ஆனாலும் அதைப் பெரிதாக்கும் மூலமாக நம்ப வேண்டாம். முகம் சிறியது, அட்டையின் அச்சு வடிவங்களும் குறுக்கே வரும். அவர் கைப்பட வைத்திருந்த பழைய பாஸ்போர்ட் படத்தின் உபரிப் பிரதி மேசை இழுப்பறையிலோ வங்கிப் புத்தக உறைக்குள்ளோ கிடைத்தால் அது எவ்வளவோ மேல்.

அதற்கும் எல்லை உண்டு. மலேசியப் பாஸ்போர்ட் படம் 35க்கு 50 மில்லிமீட்டர். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் குறுக்கே ஏறக்குறைய 827 புள்ளிகள்தான் கிடைக்கும். அதை 8 அங்குல அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள் சொச்சம். கூடத்தில் எட்டடி தள்ளி நின்று பார்த்தால் சரியாகத் தெரியும், கிட்டே போனால் கலங்கும். 1200 டிபிஐயில் எடுத்தால் புள்ளிகள் இரட்டிப்பாகும். ஆனால் சாதாரண அச்சுத் தாளில் 600க்கு மேல் விவரம் அதிகம் இருப்பதில்லை, தாளின் துகளும் அழுக்குமே பெரிதாகும். எனவே பாஸ்போர்ட் படத்திலிருந்து 8க்கு 10 வரை போகலாம். 12க்கு 18 கேட்காதீர்கள். கடைக்காரர் முடியும் என்று சொல்வார், இல்லாத விவரத்தை மென்பொருள் இட்டு நிரப்பும், அங்கேதான் முகம் மாறும்.

நெகட்டிவ் இருந்தால் நிலைமையே வேறு. 35 மி.மீ. நெகட்டிவை 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் நீளவாக்கில் 3400 புள்ளிகள் வரும். 12 அங்குல உயர அச்சுக்கு அது தாராளம். பழைய ஆல்பத்தின் பின்னட்டையில், ஃபிலிம் கழுவிய கடையின் காகித உறையில் தேடிப் பாருங்கள். உறையைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிமின் அடித்தாள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மறுபடி மூடி வைக்காமல் அந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். மற்ற ஃபிலிம்களிலிருந்து பிரித்தும் வையுங்கள், அந்த ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும்.

ஸ்கேன் விஷயத்தில் கடையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடித் தட்டு ஸ்கேனரில் வைத்து எடுக்கிறார்களா, கைப்பேசியால் படம் பிடிக்கிறார்களா? கைப்பேசி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விளக்கின் பளபளப்பும் ஓரச் சாய்வும் சேர்ந்துவிடும். வீட்டிலேயே ஸ்கேன் செய்து அனுப்புவதானால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கப்பட்டு, போய்ச் சேரும்போது பாதி விவரம் போயிருக்கும்.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயல வேண்டாம். முகத்தின் மேல்தோல் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடே வைத்து ஸ்கேன் செய்யலாம். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் சிக்கிய படத்துக்குப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் நுழைத்து மெதுவாக அறுத்துக்கொண்டு போகலாம். வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின், பூஞ்சை அதைத் தின்று இளக்கியிருக்கும், ஈரம் பட்டதும் முகமே வழித்துக்கொண்டு வரும். மென்மையான உலர்ந்த தூரிகை போதும், மிச்சத்தைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். எழுபதுகளில் பிரபலமாக இருந்த சொரசொரப்பான பட்டுத்தாள் படங்கள் ஸ்கேனில் புள்ளி புள்ளியாக மின்னும். அவற்றை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் எடுத்து இரண்டையும் ஒன்றாக்கினால் மின்னல் பெருமளவு குறையும். இந்த வித்தை தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் மற்ற வேலைகளையும் அவரிடமே நம்பிக் கொடுக்கலாம்.

இப்போது முகம். இதில்தான் வீட்டார் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

முதல் கேடு நிறத்தை வெளுப்பது. கேட்காமலேயே செய்கிறார்கள். துறைமுகத்திலும் ரயில் தண்டவாளத்திலும் வெயிலில் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதரைக் கோதுமை நிறத்தில் மாட்டி வைப்பதில் என்ன மரியாதை இருக்கிறது? பேரப்பிள்ளைகள் தாத்தா இப்படித்தான் இருந்தார் என்று அதையே நம்பி வளர்வார்கள். ‘நிறத்தை மாற்றக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்காக, அவர் உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து நிற்கும் அண்மைக் காலப் படம் ஒன்றையும் கொடுங்கள்.

எழுபது எண்பதுகளின் கலர் படங்கள் செம்மை பாய்ந்து கிடப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். இதை ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சமன்செய்து மீட்க வேண்டும். ஒட்டுமொத்தமாக வெளிச்சத்தைக் கூட்டுகிறவர் முகத்தை வெளுக்கத்தான் செய்வார். வேலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தோலைப் பார்க்காதீர்கள். வேட்டி வெள்ளையாகவும் தலைமுடி கறுப்பாகவும் ஒரே நேரத்தில் தெரிந்தால் தோல் நிறமும் தன் இடத்துக்கு வந்திருக்கும்.

இரண்டாவது கேடு, ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய படத்தைப் புதிதாக்கும் ஏஐ செயலிகள். கடைகளிலும் இப்போது இதைத்தான் ஓட்டுகிறார்கள். கீறலையும் மடிப்பையும் நீக்க இவை உதவும், மறுக்க முடியாது. முகத்தில் கை வைத்தால் ஆபத்து. மங்கலான கண்ணுக்குப் பதில் தான் பார்த்துப் பழகிய ஏதோ ஒரு கண்ணை வைத்துவிடும். மேல் உதட்டு மச்சத்தை அழுக்கென்று நீக்கிவிடும், காதுக் கடுக்கன் மங்கிப்போகும், முன்பல் இடைவெளி அடைபடும். நெற்றியில் மூன்று கோடாக இட்ட விபூதியைக் கீறல் என்று எண்ணி அழித்துவிடும், சந்தனப் பொட்டையும் கறையாக எடுத்துக்கொள்ளும். நாள் தவறாமல் நீறு பூசியவரின் படம் வெறும் நெற்றியோடு வந்து நின்றால் அம்மாவின் மனம் என்ன பாடுபடும்? எனவே சொல்ல வேண்டியது இதுதான்: பின்னணி, சட்டை, மடிப்பு, கீறல் இவற்றுக்கு எந்தக் கருவியையும் ஓட்டிக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து தாடை வரை கையால் மட்டும் தொடுங்கள், மூலத்தில் இல்லாத எதையும் சேர்க்காதீர்கள். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அது அவர் முகம்.

மாதிரியைக் காட்டும்போது பிள்ளைகள் மட்டும் பார்த்து ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிடக் கூடாது. அம்மாவிடம் காட்டுங்கள். அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் அவர்களிடமும், முப்பது வருஷம் கூட வேலை பார்த்த நண்பரிடமும் காட்டுங்கள். மூலத்தையும் மாதிரியையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கேளுங்கள். கைப்பேசித் திரையில் எல்லா முகமும் நன்றாகத்தான் தெரியும். கண்ணின் ஓரம், மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே உள்ள தூரம், காதின் வடிவம், இந்த மூன்றும் மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, கோட்டும் டையும். நிறையக் கடைகளில் ஆயத்த உடல்கள் கணினியில் இருக்கும், தலையை மட்டும் வெட்டி வைப்பார்கள். கழுத்து அளவு பொருந்தாது. முகத்தில் வெளிச்சம் இடமிருந்து விழும், கோட்டில் வலமிருந்து விழும். அதனால்தான் அப்படிப்பட்ட படங்கள் எங்கோ உறுத்துகின்றன. வாழ்நாளில் கோட்டுப் போடாதவருக்குக் கோட்டு வேண்டாம். வெள்ளைச் சட்டை, பொங்கலுக்குக் கட்டும் பட்டு வேட்டித் துண்டு, வேலைச் சீருடை, கோயில் திருவிழாவில் தோளில் போட்ட மஞ்சள் துண்டு, இதில் எது அவருடையதோ அது இருக்கட்டும். மூலத்தில் சட்டை கிழிந்தோ கறைபட்டோ இருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லலாம்.

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புகைப்பட லேபில் கழுவும் அச்சு அல்லது நிறமி மையில் அடிக்கும் இங்க்ஜெட், இரண்டும் நன்று. நகல் கடை லேசர் அச்சு வேண்டாம், மை தாளின் மேலேயே உட்காருவதால் மடிப்பில் உரியும். மேட் தாள் கேளுங்கள், பூஜை விளக்கின் வெளிச்சம் முகத்தில் பளிச்சிடாது. கேன்வாஸ் பார்க்கப் பெருமையாக இருந்தாலும் சாம்பிராணிப் புகை நெசவுக்குள் இறங்கினால் துடைக்க வழியில்லை.

சட்டத்தில் இந்தக் கடைகளின் திறமை தெரிகிறது. மூலைகளை இடைவெளியில்லாமல் இணைக்கிறார்கள், அளவு தப்புவதில்லை. ஆனால் சாமி படத்துக்குப் போடும் அதே முறையில் அச்சைக் கண்ணாடியோடு நேராக அழுத்தி மூடிவிடுகிறார்கள். பினாங்கின் ஈரக் காற்றில் சில வருஷங்களில் அச்சு கண்ணாடியில் ஒட்டி, வழுவழுப்பான திட்டுகள் விழும். இதைத் தவிர்க்க இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி வேண்டும். படத்தைச் சுற்றி விளிம்பாக வைக்கும் மவுண்ட் அட்டை ஒன்று ஏறக்குறைய 1.4 மி.மீ. கனம் இருக்கும், இரண்டு அடுக்கு வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண பழுப்பு அட்டை நாளடைவில் படத்தின் ஓரங்களை மஞ்சளாக்கும்.

மரச் சட்டம் பார்வைக்கு நன்று, கரையான் ஏறும் தரைவீடாக இருந்தால் பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக் சட்டமே பாதுகாப்பு. கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், பொட்டு வைத்துத் துடைக்கும் படத்துக்குக் கண்ணாடிதான். அக்ரிலிக் ஒவ்வொரு துடைப்பிலும் கீறல் வாங்கும். சந்தனம் குழைத்த ஈரம் கண்ணாடியில் வழிந்து கீழ் விளிம்பின் வழியே உள்ளே புகுந்து, படத்தின் அடியிலிருந்து கறை ஏறும். பழைய படங்களில் கால் பக்கம் அழுகியிருப்பது பெரும்பாலும் இதனால்தான். கீழ் விளிம்பின் உட்புறத்தில் தெளிவான சிலிக்கோனை மெல்லிய கோடாக இழுக்கச் சொல்லுங்கள். சின்ன வேலை, கேட்டால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள்.

மாலையைச் சட்டத்தின் மேல் போடாதீர்கள். 12க்கு 18 அளவில் 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 700 கிராம் எடை. சட்டமும் பின்பலகையும் அதன் மேல் நீர் தெளித்த மல்லிகை மாலையும் சேர்ந்து ஒரே ஆணியில் தொங்கினால் பூச்சுச் சுவரில் ஆணி தளரும், மாலையின் ஈரமும் மேல் விளிம்பு வழியாக இறங்கும். படத்துக்கு மேலே இருபுறமும் இரண்டு தனி ஆணிகள் அடித்து மாலையை அவற்றில் தொங்கவிடுங்கள். கடலோர வீடுகளில் இரும்புக் கொக்கி துருப்பிடித்துச் சுவரில் வழியும், பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். விளக்கு நேர் கீழே எரியாமல் ஓர் அடி முன்னால் தள்ளி இருக்கட்டும்.

கடைக்காரர்கள் தாமாகச் சொல்லாத, வீட்டாரும் கேட்கத் தோன்றாத ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சேவையில் அதற்குத்தான் அதிக மதிப்பு என்பது எங்கள் கருத்து.

அப்பாவின் நல்ல படம் பல வீடுகளில் குழுப் படமாகத்தான் இருக்கும். கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம், மணிமன்றம் என்ற தமிழ் இளைஞர் மன்றம், தோட்டத்துக் கால்பந்துக் குழு, தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் போட்ட தண்ணீர்ப் பந்தல், 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஏதோ ஒரு கிளைக் கூட்டம். அதிலிருந்து அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கச் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பலன் தருவதில்லை. 10க்கு 12 அங்குலக் குழுப் படத்தில் ஒரு முகம் பத்து மில்லிமீட்டர் உயரம் இருந்தால் 600 டிபிஐயில் கிடைப்பது 236 புள்ளிகள். ஒன்றரை அங்குல உயரத்துக்கு மேல் அந்த முகத்தை இழுக்க முடியாது. அதே படத்தை முழுதாக ஸ்கேன் செய்து 12க்கு 18இல் அச்சிட்டால் அருமையாக வரும். அந்தக் காலக் குழுப் படங்களைப் பெரும்பாலும் பெரிய நெகட்டிவில் எடுத்தார்கள், கூர்மை அசலானது.

எனவே பூஜை அறைக்குத் தனிப் படம், கூடத்துக்கு முழுக் குழுப் படம் என இரண்டாகச் செய்யுங்கள். அவர் யாரோடு தோள் உரசி நின்றார், எந்தச் சபையில் நாற்காலியில் உட்கார்ந்தார், எந்தச் சபையில் பின்வரிசையில் நின்றார் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. ஊரும் உறவும் அவரை அறிந்தது அப்படித்தான். அடியில் பெயர் அச்சிட்ட அட்டை ஒட்டியிருந்தால் அதைச் சட்டத்துக்குள் மறைக்கவோ வெட்டவோ விடாதீர்கள். ‘அளவுக்காக’ என்று சொல்லி முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். படம் கிடைக்காமல் பத்திரிகைத் துணுக்கு மட்டும் இருந்தால், அதாவது 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழில் சங்கச் செய்தியோடு வந்த படம், அதையும் ஸ்கேன் செய்யலாம். பத்திரிகை அச்சின் புள்ளிகள் அலை அலையாகத் தெரியும். 600 டிபிஐயில் எடுத்து, புள்ளி நீக்கும் அமைப்பைப் போட்டு, பிறகு பாதி அளவாகக் குறைத்தால் அடங்கும். துணுக்கைப் பெரிதாக்காமல் செய்தியோடு அப்படியே சட்டம் போடுங்கள்.

பெயர்கள் இல்லாத குழுப் படம் இன்னொரு தலைமுறைக்குள் அநாதையாகிவிடும். பெயர் கேட்பதற்குக் கருமக்கிரியை நாளைவிட நல்ல நாள் கிடையாது. சுங்கை பட்டாணியிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் வந்திருப்பார்கள். நிபோங் திபாலில் கூட வேலை பார்த்தவர் பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருப்பார். முதல் நாளே நகல் கடையில் குழுப் படத்தை ஏ3 தாளில் எடுத்து, ஒவ்வொரு தலைக்கும் மேல் எண் போட்டு, பக்கத்தில் அதே எண்களோடு கோடு போட்ட தாளும் பென்சிலும் சாப்பாட்டுப் பந்தியின் அருகே ஒரு மேசையில் வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், பெரியவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். பெயரோடு ‘யாருடைய மகன், எந்த லயம் (தோட்ட வீட்டு வரிசை), என்ன வேலை’ என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே படத்தில் மூன்று முனியாண்டிகள் இருப்பார்கள். இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியலைக் கடையில் கொடுத்தால், படத்தின் கீழ் ‘நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று ஒரு பட்டையாக அச்சிட்டுச் சட்டத்துக்குள் வைத்துத் தருவார்கள். எழுத்துப் பிழை பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள், தமிழ் எழுத்துரு மாறும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறும். மூலப் படத்தின் முதுகில் எழுதுவதானால் மென்மையான பென்சில்தான். பந்துமுனைப் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

கடைசியாக வாங்க வேண்டியது கோப்புகள். சரிசெய்த படத்தோடு தொடாத முதல் ஸ்கேனையும் விவரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் யூஎஸ்பி விரலியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சில கடைகள் வேலை முடிந்ததும் அழித்துவிடுகின்றன. குழுப் படத்தை 5ஆர் (5க்கு 7 அங்குல) அளவில் கூடுதலாகச் சில பிரதிகள் எடுத்து, படத்தில் இருக்கும் மற்றவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்று கொடுங்கள். அவர்களில் பலர் வீட்டில் தங்கள் அப்பாவின் வேறு படமே இருக்காது. கோயில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஒரு பிரதி, கூடவே பெயர்ப் பட்டியல். கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், சங்கத்தின் பெயர் மூன்றும் இருக்கட்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் ‘1970க்குப் பின்’ என்று போட்டாலும் தேடுகிறவருக்கு உதவும்.